இணைய வங்கி உள்ளே விடாதபோது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

இணைய வங்கிச் சேவைக்குள் நுழைய முடியாமல் போகும்போது நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். அதே கடவுச்சொல்லை இன்னும் வேகமாகத் தட்டுகிறோம், அதே பொத்தானை அடுத்தடுத்து அழுத்துகிறோம், அதுவும் பலிக்காவிட்டால் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறோம். அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டிய நேரத்தில் இப்படி நடந்துகொள்வது இயல்பே. ஆனால் இந்த மூன்றும் சிறிய தடையைப் பெரிய தடையாக்கும் செயல்கள். தடுத்தது கையிலுள்ள சாதனமா, தொலைபேசி வலையமைப்பா, வங்கியின் கணினியா, அல்லது நாம் தட்டச்சு செய்த எழுத்தா என்று முதலில் தெரிந்துகொண்டால், பெரும்பாலான சிக்கல்களைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடலாம். எஞ்சியவற்றில் தவறு வங்கியின் பக்கம் இருக்கிறது. அதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

எதையும் சரிசெய்யத் தொடங்கும் முன்

திரையில் தோன்றிய பிழைச்செய்தியைச் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொள்ளுங்கள். பல வங்கிச் செயலிகள் திரைப்பிடிப்பை அனுமதிப்பதில்லை என்பதால் கையால் எழுதுவதே உறுதியானது. "பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தவறு", "அமர்வு முடிந்தது", "சேவை தற்காலிகமாக இல்லை" ஆகிய மூன்றும் தரும் எரிச்சல் ஒன்றாக இருந்தாலும், அவற்றின் காரணங்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. மூன்றாவது செய்தி வந்தால் நீங்கள் சரிசெய்வதற்கு எதுவும் இல்லை. கடவுச்சொல்லை மாற்றப் புகாமல் காத்திருப்பதே சரி.

தவறிய முயற்சிகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டணச் சேவை விதிகள், தொடர்ந்து தவறும் முயற்சிகள் ஐந்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கின்றன. மூன்றிலேயே பூட்டிவிடும் வங்கிகளும் உண்டு. எனவே இரண்டு முறை தவறிவிட்டால், காரணம் தெரியாமல் மூன்றாம் முறை தட்டாதீர்கள்.

இன்னொன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். சிக்கலில் இருக்கும்போது வங்கியின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடாதீர்கள். தடுமாறி நிற்பவர்கள் அங்கேதான் வந்து தேடுவார்கள் என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும். அதற்காகவே போலி எண்களைப் பரப்பி வைக்கிறார்கள். அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்ட எண், கணக்கு அறிக்கையில் உள்ள எண், நீங்களே முகவரியைத் தட்டச்சு செய்து திறந்த வங்கித் தளத்தில் உள்ள எண் ஆகியவற்றை மட்டும் நம்புங்கள். "உங்கள் திரையை நான் பார்த்தால் உடனே சரிசெய்துவிடலாம்" என்று யாராவது ஒரு செயலியை நிறுவச் சொன்னால், அந்த அழைப்பை அப்போதே துண்டித்துவிடுங்கள்.

ஓடிபி வரவே இல்லை

ஒருமுறை மட்டுமே செல்லும் எண்ணான ஓடிபியைச் சுமந்துவரும் குறுஞ்செய்தி, நேராக வங்கியிலிருந்து உங்கள் கைபேசிக்குப் பாய்ந்து வருவதில்லை. வழியிலுள்ள ஒரு செய்தி மையம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் கைபேசி வலையமைப்பில் தென்படும்போது கொண்டுசேர்க்கிறது. தென்படவில்லை என்றால் காத்திருந்து மறுபடி முயல்கிறது. பத்து விநாடியில் வரும் செய்தி சில சமயம் பத்து நிமிடம் கழித்து வருவது இதனால்தான். குறுஞ்செய்தி முறை உருவாக்கப்பட்டபோது, அது சில நிமிடங்களில் காலாவதியாகும் எண்ணைச் சுமக்கும் என்று யாரும் கருதியிருக்கவில்லை.

ஆகவே முதல் சோதனை கைபேசியில்தான். விமானப் பயன்முறையை அரை நிமிடம் இயக்கிவிட்டு அணையுங்கள். கைபேசி வலையமைப்பில் புதிதாகப் பதிவாகும்போது, மையத்தில் தேங்கி நின்ற செய்திகள் பெரும்பாலும் வந்துவிடும். ஓடிபி குறுஞ்செய்திக்கு இணைய இணைப்புத் தேவையில்லை, சாதாரணக் கைபேசிச் சிக்னல்தான் தேவை. வைஃபை நன்றாக இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது, ஓடிபி மட்டும் வரவில்லை" என்று பலர் குழம்புவது இங்கேதான். சிக்னல் கோடுகளைப் பாருங்கள். இரண்டு சிம் இருந்தால், வங்கியில் பதிவு செய்த எண் உள்ள சிம்முக்குத் தனியாகக் கோடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, செய்தி வந்தும் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். குறுஞ்செய்திச் செயலிகள், முகமறியா அனுப்புநரிடமிருந்து வருபவற்றை ஸ்பேம் கோப்புறைக்குத் தள்ளிவிடுவதுண்டு. விளம்பரத் தொல்லை தாங்காமல் எப்போதோ வங்கியின் விளம்பரச் செய்தியைத் தடுத்திருந்தால், ஓடிபி அனுப்பும் பெயரும் அதோடு சேர்ந்து தடைபட்டிருக்கக்கூடும். தடைப்பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், வங்கியில் பதிவாகியுள்ள எண் எது என்று சரிபாருங்கள். "கடைசி நான்கு இலக்கம் இன்னது கொண்ட எண்ணுக்கு அனுப்பியுள்ளோம்" என்று திரையிலேயே போட்டிருப்பார்கள். அவசரத்தில் அந்த வரியை நாம் படிப்பதில்லை. பழைய எண் அங்கே இருந்தால், எத்தனை முறை கேட்டாலும் ஓடிபி வேறொரு கைபேசிக்குத்தான் போகும்.

ஓடிபி வந்தது, ஆனால் தவறு என்கிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நான் நெடுநேரம் தவித்த இடம் இது. ஒரு கட்டணத்தின் கடைசி நாளன்று இரவு, வங்கித் தளத்தில் ஓடிபி கேட்டேன். ஒரு நிமிடம் வரவில்லை. "மீண்டும் அனுப்பு" என்பதை அழுத்தினேன். அதுவும் வரவில்லை என்று இன்னொரு முறை அழுத்தினேன். பிறகு மூன்று செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக வந்ததை இட்டேன், தவறு என்றது. அதற்கு முந்தையதை இட்டேன், அதுவும் தவறு. மூன்றாவதை இடும் முன் கணக்கு பூட்டப்பட்டது.

நடந்தது எளிமையானது. புதிய ஓடிபி ஒன்று உருவானதும் பழையவை செல்லாமல் போகும்படி பெரும்பாலான வங்கிகள் அமைத்திருக்கின்றன. செய்திகளோ அனுப்பிய வரிசையிலேயே வந்துசேரும் என்ற உறுதி கிடையாது. கடைசியாக வந்த செய்தி கடைசியாக உருவானதாக இருக்க வேண்டியதில்லை. நான் இட்ட இரண்டும் செத்துப்போன எண்கள். உயிரோடு இருந்த ஒன்றை இடவே எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

எனவே ஒரு முறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள். திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை மீண்டும் கேட்காதீர்கள். ஏற்கெனவே பலமுறை கேட்டுவிட்டீர்கள் என்றால், அந்தப் பரிவர்த்தனையை முழுவதுமாகக் கைவிட்டு வெளியேறி, தேங்கிய செய்திகள் எல்லாம் வந்து அடங்கட்டும் என்று கால் மணி நேரம் பொறுத்து, புதிதாக ஒன்றைத் தொடங்கி, ஒரே ஓடிபியைக் கேளுங்கள். சில வங்கிகள் ஓடிபியோடு ஒரு குறிப்பு எண்ணையும் அனுப்பி, அதையே திரையிலும் காட்டுகின்றன. இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் எது உயிருள்ள எண் என்று தெரிந்துவிடும். எல்லா வங்கிகளும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நான்கு எழுத்தில் முடியும் இந்தச் சிறு உதவி எத்தனையோ கணக்கு முடக்கங்களைத் தவிர்க்கும்.

ஓடிபி செய்தியை முழுவதும் படிக்கும் பழக்கமும் வேண்டும். எவ்வளவு தொகை, யாருக்கு, எதற்கு என்று அதில் இருக்கும். கைபேசி அந்த ஓடிபியை மட்டும் எடுத்துத் தானாக நிரப்பிவிடுவதால் அந்த வரிகள் நம் கண்ணில் படாமலே போகின்றன. உள்நுழைவதற்காக என்று நினைத்துக்கொண்டு, பணம் பெறுபவரைச் சேர்ப்பதற்கான ஓடிபியை இட்டுவிட்டால், அந்தப் பிழையைத் திருத்துவது மிகக் கடினம்.

ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் எண்ணை ஏற்கவில்லை

இங்கே காரணம் பெரும்பாலும் கடிகாரம். ஆதென்டிகேட்டர், உள்நுழைவு எண்களைக் கைபேசியிலேயே உருவாக்கித் தரும் செயலி; இந்த எண்கள் எங்கிருந்தும் அனுப்பப்படுவதில்லை. உங்கள் கைபேசியும் வங்கியும் ஒரே ரகசியச் சாவியை வைத்துக்கொண்டு, 1970 ஜனவரி 1 முதல் கடந்த நேரத்தை 30 விநாடித் துண்டுகளாக எண்ணி, இரண்டையும் சேர்த்துத் தனித்தனியே கணக்கிட்டு ஒரே விடையை அடைகின்றன. 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இம்முறையை வகுத்துத் தந்தது. உங்கள் கைபேசிக் கடிகாரம் ஒரு நிமிடம் பிந்தியிருந்தால், நீங்கள் காட்டுவது வங்கியைப் பொறுத்தவரை பழைய விடை. அமைப்புகளில் தேதி, நேரம் ஆகியவற்றைத் தானாக அமைக்கும்படி மாற்றிவிட்டு, புதிய எண் தோன்றியவுடன் இடுங்கள். 30 விநாடியின் கடைசி நொடிகளில் தட்டத் தொடங்க வேண்டாம்.

கைபேசியை மாற்றிய பிறகு இந்தச் சிக்கல் வந்தால் கடிகாரம் காரணமல்ல. ரகசியச் சாவி பழைய கைபேசியிலேயே தங்கிவிட்டது. பழையதை அழிக்கும் முன் ஆதென்டிகேட்டரிலிருந்து ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். அழித்துவிட்டீர்கள் என்றால், பதிவு செய்தபோது தரப்பட்ட மீட்பு எண்கள்தான் வழி. அவை இல்லையெனில் வங்கியில் அடையாளத்தை நிரூபித்துப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.

சரியான கடவுச்சொல்லையே தவறு என்கிறது

கடவுச்சொல் புள்ளிகளாக மறைந்து நிற்பதால், என்ன தட்டினோம் என்பது நமக்கே தெரிவதில்லை. கண் சின்னம் இருந்தால், அருகில் யாரும் இல்லாதபோது அதைத் தொட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பயனர் பெயர்ப் பெட்டியிலோ, சேமிக்காத ஒரு குறிப்பிலோ தட்டிப் பார்த்துவிட்டு உடனே அழித்துவிடுங்கள். தமிழில் எழுதிக்கொண்டிருந்துவிட்டு வங்கித் தளத்துக்குப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும்: விசைப்பலகை இன்னும் தமிழிலேயே இருக்கும், புள்ளிகள் மட்டும் வழக்கம்போல வரிசையாக விழும்.

கைபேசியில் இன்னும் இரண்டு பொறிகள் உள்ளன. முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்குவது ஒன்று. பரிந்துரைப் பட்டியலிலிருந்து பயனர் பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி சேர்ந்துவிடுவது மற்றொன்று. வங்கிக் கணினிகள் பலவும் அந்த இடைவெளியை நீக்கிப் பார்ப்பதில்லை. பெயருக்குப் பின்னால் சுட்டியைக் கொண்டுபோய் ஒருமுறை அழிப்பு விசையைத் தட்டிப் பாருங்கள். பெயரின் கடைசி எழுத்து அழியாமல் நின்றால், அழிந்தது அந்த இடைவெளிதான்.

செயலியில் ஏற்கும் கடவுச்சொல்லைத் தளம் மட்டும் மறுத்தால், இரண்டுக்கும் வெவ்வேறு கடவுச்சொல் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பல வங்கிகளில் அப்படித்தான். ஒன்றே என்றால் நீளத்தைப் பாருங்கள். சில அமைப்புகள் குறிப்பிட்ட நீளத்துக்கு மேலுள்ள எழுத்துகளை எச்சரிக்காமலே வெட்டிவிடுகின்றன. ஓரிடத்தில் வெட்டியும் மற்றோரிடத்தில் வெட்டாமலும் ஒப்பிட்டால் பொருந்தாது. இதை நீங்கள் ஊகிக்க வேண்டிய நிலை வருவதே வங்கியின் குறைபாடு.

ஒட்டுதலைத் தடுக்கும் பெட்டிகளும் அப்படிப்பட்டவையே. கணக்கு எண்ணை இரண்டாம் முறை கையால் எழுதச் சொல்வதற்குப் பொருள் உண்டு. முதல் பிழையையே நகலெடுத்து ஒட்டாமல் இருக்க அது உதவுகிறது. கடவுச்சொல்லை ஒட்ட விடாமல் தடுப்பதோ, கடவுச்சொற்களை உருவாக்கிச் சேமித்து வைக்கும் கடவுச்சொல் மேலாளர் செயலியைப் பயன்படுத்தி நீளமான கடவுச்சொல் வைத்திருப்பவரைத் தண்டித்து, எளிதாகத் தட்டக்கூடிய பலவீனமான ஒன்றை நோக்கித் தள்ளுகிறது. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒட்டுதலை அனுமதிக்குமாறு சொல்லியிருக்கிறது; கடவுச்சொல் குறைந்தது 64 எழுத்துவரை நீள இடமளிக்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. ஒட்டுதலை அனுமதிக்குமாறு பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும் அதே ஆண்டில் வலியுறுத்தியது.

கடவுச்சொல்லை மாற்று, மறுபடி மாற்று என்கிறது

சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது, பழையவற்றில் எதையும் ஏற்காதது, பெரிய எழுத்து, இலக்கம், குறியீடு மூன்றும் கேட்பது: இவற்றுக்கு அடிப்படையாக நெடுங்காலம் விளங்கியது நிஸ்ட் 2003இல் தந்த அறிவுரை. அதை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு திருத்தப்பட்ட வழிகாட்டி, கடவுச்சொல் கசிந்ததற்கான சான்று இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்கிறது. மாற்றியே தீர வேண்டிய கட்டாயத்தில் மக்கள் இறுதி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டி வைப்பார்கள்; பழையது தெரிந்தவருக்குப் புதியதை ஊகிப்பது கடினமல்ல.

உங்கள் வங்கி இன்னும் பழைய வழக்கத்திலேயே இருந்தால் அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. கடவுச்சொல் மேலாளர் உருவாக்கித் தருவதைப் பயன்படுத்துங்கள். புதியதை ஏற்க மறுத்தால், அனுமதிக்காத குறியீடு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக மேற்கோள் குறி, சதவீதக் குறி, முக்கோண அடைப்பு (< >) ஆகியவற்றைச் சில தளங்கள் ஏற்பதில்லை.

கணக்கு பூட்டப்பட்டுவிட்டது

பொறுமையாக இருந்தாலே பாதி வேலை முடியும். தற்காலிகப் பூட்டு குறிப்பிட்ட நேரம் கழித்துத் தானாகத் திறக்கும். இடையில் முயன்று பார்த்தால் சில அமைப்புகளில் அந்த நேரம் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடும். பூட்டு திறந்த பிறகும் சந்தேகமான கடவுச்சொல்லை ஊகித்துத் தட்டாமல், "கடவுச்சொல் மறந்துவிட்டேன்" வழியே போங்கள். மாற்றிய பின், உலாவியில் சேமித்திருக்கும் பழையதையும் நீக்குங்கள். அது தானாக நிரம்பி உங்களை மறுபடி பூட்டிவிடும். நீங்கள் எதுவும் முயலாமலே கணக்கு பூட்டப்பட்டிருந்தால், வேறு யாரோ முயன்றிருக்கக்கூடும். அன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள்.

படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் வெளியேற்றிவிடுகிறது

என் தந்தைக்குக் கை நடுக்கம் உண்டு. ஒரு நாள் அவர் பணம் அனுப்புவதை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். வங்கியிலிருந்து வந்த தாளைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்லி, விசையைத் தேடி, தட்டி, திரையில் விழுந்ததா என்று கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்து, அடுத்த இலக்கத்துக்குப் போனார். கணக்கு எண்ணை இரண்டாம் முறை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கம் வெளுத்து, "பாதுகாப்புக் கருதி உங்கள் அமர்வு முடிக்கப்பட்டது" என்று வந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. அவர் தாளை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

நேர வரம்புக்கு நியாயம் உண்டு. திறந்து வைத்துவிட்டுப் போன கணினியில் வேறொருவர் உட்காரக்கூடும். ஐரோப்பிய விதிகள் செயல்பாடு இல்லாத 5 நிமிடத்தை உச்சவரம்பாக வைக்கின்றன. ஆனால் இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.0 நெறிகள் 2008இலேயே இதற்கு ஒரு வழி காட்டியிருக்கின்றன: நேரம் முடியும் முன் எச்சரித்து, ஒரு விசையைத் தட்டுவது போன்ற எளிய செயலால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும். ஒரு பொத்தானைச் சேர்த்தாலே போதும் என்ற நிலையில் அதைச் செய்யாதிருப்பதற்குப் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது.

பெட்டியில் எழுதிக்கொண்டிருப்பதைச் சில தளங்கள் செயல்பாடாகவே கணக்கிடுவதில்லை. அடுத்த பக்கத்துக்குப் போவதை மட்டுமே கணக்கிடுகின்றன. எனவே நுழையும் முன்பே எல்லா எண்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். பெறுநரைச் சேர்ப்பதை ஒரு நாளிலும், பணம் அனுப்புவதை இன்னொரு நாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாவல்களில் ஒரே வங்கியைத் திறக்காதீர்கள். உலாவியின் பின்செல் பொத்தானையும் தொடாதீர்கள். இவை இரண்டும் பல தளங்களில் அமர்வை உடனே முடித்துவிடும்.

ஒவ்வொரு முறையும் "புதிய சாதனம்" என்கிறது

உங்கள் கணினியை வங்கி நினைவில் வைத்திருப்பது, உலாவியில் தளம் சேமித்து வைக்கும் குக்கி என்ற சிறு தகவலின் துணையால். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்தாலோ, மூடும்போது குக்கிகளை அழிக்கும்படி உலாவியை அமைத்திருந்தாலோ, நீங்கள் தினமும் அதற்கு அந்நியர்தான். வங்கித் தளத்துக்கு மட்டும் விலக்களியுங்கள். இணைய இணைப்பை வேறோர் இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் பயன்படுத்தினால், வங்கிக்குப் போகும்போது அணைத்துவிடுங்கள். நேற்று ஒரு நாட்டிலும் இன்று வேறொரு நாட்டிலும் தெரியும் வாடிக்கையாளரை வங்கியின் இடர் மதிப்பீட்டு அமைப்பு ஐயுறத்தான் செய்யும்.

உலாவி "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று எச்சரிக்கிறது

இந்த ஓர் இடத்தில் மட்டும் தடையை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீர்கள். சாதனத்தின் தேதி தவறாக இருந்தால், தளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழின் செல்லுபடிக் காலம் பொருந்தாமல் இந்த எச்சரிக்கை வரும். அதைத் திருத்தினால் போய்விடும். பொது வைஃபை முதலில் காட்டும் அதன் சொந்த உள்நுழைவுப் பக்கத்தைக் கடக்காதபோதும் வரும். தேதி சரியாக இருந்து, கைபேசி டேட்டாவுக்கு மாறிய பிறகும் எச்சரிக்கை நீங்காவிட்டால் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எல்லாம் சரியாகத் தோன்றினாலும் அன்று உள்ளே போக வேண்டாம்.

செயலி திறக்கவே மறுக்கிறது

ரூட் செய்த (தயாரிப்பாளர் வைத்த கட்டுப்பாடுகளை நீக்கிய) கைபேசி, டெவலப்பர் தேர்வுகள் (செயலி உருவாக்குவோருக்கான அமைப்புகள்) இயங்கும் கைபேசி, பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய இயங்குதளம், திரைப் பகிர்வுச் செயலி ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் காரணமாக இருக்கும். டெவலப்பர் தேர்வுகளை அணைத்துவிட்டு முதலில் பாருங்கள். எப்போதோ எதற்காகவோ இயக்கியது அப்படியே கிடக்கும்.

இன்னொரு காரணம் என்னை மிகவும் வருத்துவது. ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மைச் சேவை வழியாகத் தீநிரல்கள் திரையைப் படித்துப் பொத்தான்களை அழுத்துகின்றன என்பது உண்மை. அதற்கு அஞ்சி, அத்தகைய சேவை எதுவும் இயங்கினாலே மூடிக்கொள்ளும்படி சில செயலிகளை அமைத்துவிடுகிறார்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பானும் அதே சேவை வழியாகத்தான் இயங்குகிறது. நீங்கள் திரைபடிப்பானைச் சார்ந்திருப்பவர் என்றால், தெரியாத சேவைகளை மட்டும் அணைத்துப் பாருங்கள். அப்படியும் திறக்கவில்லை என்றால் அது உங்கள் பிழையல்ல, எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டிய குறைபாடு.

கைரேகையை ஏற்பதை நிறுத்திவிட்டது

கைபேசியில் அண்மையில் புதிய விரலைப் பதிந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கைரேகையோடு பிணைக்கப்பட்ட ரகசியச் சாவி, புதிய விரல் ஒன்று சேர்ந்ததும் செல்லாமல் போகும்படி பல செயலிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கைபேசியைத் திறக்கும் பின் (PIN) எண்ணைத் தெரிந்துகொண்ட ஒருவர் தம் விரலைச் சேர்த்து உங்கள் வங்கிக்குள் நுழைவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. வங்கிச் செயலியின் பின் எண்ணால் ஒருமுறை நுழைந்து கைரேகையை மறுபடி இயக்கினால் சரியாகிவிடும். நீங்கள் எந்த விரலையும் சேர்க்கவில்லை என்றால், யார் சேர்த்தார்கள் என்று பாருங்கள்.

ரகசியக் கேள்விக்கு அளித்த விடை பொருந்தவில்லை

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பல விதமாக எழுதலாம். நெடிலுக்கு இரண்டு ஏ போட்டோமா, ழகரத்துக்கு எந்த எழுத்துகளை இட்டோம், முதலெழுத்தை முன்னால் வைத்தோமா பின்னால் வைத்தோமா என்பது ஐந்து ஆண்டுகள் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை மாற்றிப் பாருங்கள். முயற்சி எண்ணிக்கையை மறவாதீர்கள். உள்ளே போனதும் உண்மையான விடையை நீக்கிவிட்டு, தொடர்பில்லாத ஒரு சொல்லை வைத்து, அதைக் கடவுச்சொல் மேலாளரில் சேமியுங்கள். பிறந்த ஊரும் முதல் பள்ளியும் உங்களை அறிந்த பலருக்கும் தெரிந்தவை.

கைபேசியில் சிக்னல் திடீரென்று மறைந்துவிட்டது

சுற்றியுள்ளவர்களுக்கு அதே நிறுவனத்தின் சிக்னல் இருக்க, உங்களுக்கு மட்டும் இல்லாமல் போனால் இதைத் தொழில்நுட்பக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கியிருக்கக்கூடும். இன்னொரு தொலைபேசியிலிருந்து முதலில் வங்கியை அழைத்து இணையச் சேவையை நிறுத்துங்கள். அதன் பிறகு தொலைபேசி நிறுவனத்தை அழையுங்கள். வரிசை முக்கியம், ஏனெனில் சிம்மைத் திரும்பப் பெறும் நேரத்தில் பணம் போய்விடும்.

குறுஞ்செய்தி ஓடிபியின் பலவீனம் இது மட்டுமல்ல. ஜெர்மனியில் 2017இல், தொலைபேசி வலையமைப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாக மோசடிக்காரர்கள் ஓடிபிகளைத் திருப்பிவிட்டு வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்தார்கள். உங்கள் வங்கி செயலிவழி ஒப்புதலோ, கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாதனத்தில் உள்ள சாவியால் நுழையவிடும் பாஸ்கீயோ தந்தால் அதற்கு மாறுங்கள். பாஸ்கீயில் உள்ள சாவி அந்தத் தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அச்சு அசலாகத் தோன்றும் போலித் தளத்தில் அது இயங்கவே இயங்காது; நாம் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

வங்கியிலிருந்து அழைத்து என்னையே நிரூபிக்கச் சொல்கிறார்கள்

பணம் அனுப்புவதை நிறுத்திவைத்துவிட்டு, "நான்தான் உங்கள் வங்கி, உங்கள் பிறந்த தேதி என்ன?" என்று கேட்கிறார்கள். உண்மையான வங்கி ஊழியராகவே இருக்கலாம். ஆனால் தம்மை நிரூபிக்காமல் உங்களை நிரூபிக்கச் சொல்வது, மோசடிக்காரர்களிடம் ஏமாற மக்களைப் பழக்குகிற வழக்கம். பணிவாக, "நானே அட்டையிலுள்ள எண்ணை அழைக்கிறேன், குறிப்பு எண் தாருங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அழைத்தவரின் எண் வங்கியின் எண்ணைப் போலவே திரையில் தெரிந்தாலும் அது சான்றாகாது, ஏனெனில் அந்த எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். ஓடிபியையோ பின் எண்ணையோ கேட்பவர் யாராக இருந்தாலும் அங்கேயே பேச்சு முடிந்தது.

எதுவும் பலிக்காமல் புகார் செய்யும்போது

"உங்கள் தளம் இயங்கவில்லை" என்று எழுதினால், "உலாவியின் கேச்சை (தற்காலிகச் சேமிப்பை) அழித்துவிட்டு முயலுங்கள்" என்ற பதில்தான் வரும். தொடக்கத்தில் எழுதி வைத்த பிழைச்செய்தி இப்போது உதவும். தேதி, நேரம், சாதனத்தின் பெயர், இயங்குதளப் பதிப்பு, செயலிப் பதிப்பு, நீங்கள் செய்தவை வரிசையாக, நீங்கள் ஏற்கெனவே சோதித்து விலக்கிய காரணங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ முழு அட்டை எண்ணையோ அதில் குறிப்பிட வேண்டாம். பணம் கழிக்கப்பட்டும் "தோல்வி" என்று காட்டியிருந்தால், மறுபடி அனுப்பும் முன் கணக்கு அறிக்கையைப் பார்த்து, அந்தப் பரிவர்த்தனையின் குறிப்பு எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி, அதைப் பிழைச்செய்தி எழுதிய அதே தாளின் கீழே எழுதி வையுங்கள். அடுத்த முறை அழைக்கும்போது வேறொருவர் எடுப்பார், அவரிடம் அந்தத் தாளைப் பார்த்தே பேசலாம்.